செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுக் கணக்கில் ஓஆர்எம்மும் எஸ்க்யூஎல்லும்: மூன்று வருட அனுபவம்

எனக்குச் சோறு போடுவது வெள்ளிக் கொலுசு. நான் கொலுசு போடுவதில்லை, அது வேறு கதை. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மாடி அறையில் நானும் உதவிக்கு ஒரு தம்பியுமாக உட்கார்ந்து, கொலுசு வியாபாரிகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிறோம். கீழே பாலிஷ் மோட்டார் ஓடும் சத்தத்தில்தான் எங்கள் குவெரியெல்லாம் (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்விகள்) பிறக்கிறது.

டேட்டாபேஸோடு பேச ஓஆர்எம் நல்லதா, எஸ்க்யூஎல்லையே கையால் எழுத விடுகிற லைப்ரரி நல்லதா என்று மாதம் ஒருவராவது கேட்கிறார்கள். எஸ்க்யூஎல் என்பது டேட்டாபேஸிடம் கேட்கும் மொழி. அதை நாம் எழுதாமல், பைத்தான், ஜாவா மாதிரி மொழியில் எழுதுவதை எஸ்க்யூஎல்லாக மாற்றித் தருவது ஓஆர்எம். பெங்களூரில் ஆறு வருடம் ஜாவாவும் அதன் ஓஆர்எம்மான ஹைபர்னேட்டுமாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவள் நான். இங்கே மூன்று வருடமாக ஜாங்கோ, பைத்தானில் வலைச் செயலி கட்டும் சட்டகம், ஓஆர்எம்மும் அதிலேயே உண்டு. அதில் கடைசி ஒன்றரை வருடமாகப் பாதி வேலையை எஸ்க்யூஎல்லையே எழுத விடுகிற ஏஐஓ-எஸ்க்யூஎல் என்ற சின்ன லைப்ரரிக்கு மாற்றிவிட்டேன். ஒரே கடையில், ஒரே போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸின் மேல் இரண்டையும் ஓட்டிப் பார்த்திருக்கிறேன் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. கொலுசு வியாபாரம் முழுக்க ரூபாயில் நடக்கிறது என்று நினைக்காதீர்கள். பட்டறையோடு உள்ள கொடுக்கல் வாங்கல் கிராமில் நடக்கிறது. வியாபாரி வெள்ளிக் கட்டியைப் பட்டறைக்காரரிடம் கொடுப்பார். அவர் கம்பி இழுத்து, பற்றவைத்து, மணி கோத்துக் கொலுசாகத் திருப்பித் தருவார். கொடுத்த எடை, வந்த எடை, டச் (நூற்றுக்கு எத்தனை சுத்த வெள்ளி என்பது), சேதாரம், கூலி என்று ஒரு வரிக்கு ஐந்து விஷயம். 1,250 கிராம் கொலுசு 80 டச்சில் வந்தால், வரவு வைக்க வேண்டிய சுத்த வெள்ளி 1,000 கிராம். எங்கள் பெரிய வாடிக்கையாளர் ஒருவரிடம் இப்படி 340 பட்டறைக்காரர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். அத்தனையையும் ஒரு கணக்குப்பிள்ளை ஐயா நாற்பது வருடமாகப் பேரேட்டில் எழுதி வந்தார். இன்றைக்கும் எழுதுகிறார், எங்கள் மென்பொருளை நம்பாமல். அவர் நம்பாதது நல்லதாகப் போயிற்று. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஜாங்கோவை முதலில் மனதாரப் புகழ்ந்துவிடுகிறேன். பட்டறைக்காரர், சரக்கு, கூலி விகிதம் என்று மூன்று மாடல் (டேபிளின் வரையறை) எழுதி, அட்மின் என்ற தயார்த் திரையில் பதிவு செய்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனோம். திரும்பி வந்தபோது வியாபாரியின் மகன் அதில் பெயர்களை ஏற்றிக்கொண்டிருந்தார். பிறகு எப்போது "ஆதார் நம்பருக்கு ஒரு கட்டம் வேணும்" என்று கேட்டாலும் மாடலில் ஒரு வரி சேர்த்து மைக்ரேஷன் (டேபிளை அதற்கேற்ப மாற்றும் வேலை) ஓட்டினால் முடிந்தது. 2014-ல் வந்த 1.7 பதிப்பிலிருந்து இந்த மைக்ரேஷன் ஜாங்கோவுக்குள்ளேயே இருக்கிறது. மூன்று வருடத்தில் டேபிளின் அமைப்பை எத்தனை தடவை மாற்றினோம் என்று கணக்கில்லை, ஒரு தடவைகூடக் கையால் ஆல்ட்டர் டேபிள் எழுதவில்லை. இந்த ஒரு சௌகரியத்துக்காகவே ஜாங்கோவை நான் விடப்போவதில்லை. ஒரு ஆளை எடு, போன் நம்பரை மாற்று, சேமி என்கிற மாதிரி வேலைக்கு அதைவிட வசதியானது எனக்குத் தெரிந்து இல்லை.

சிக்கல் எங்கே ஆரம்பித்தது என்றால், பாக்கிப் பட்டியலில். 340 பேர், ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே இன்றைய பாக்கி. தம்பி எழுதிய லூப் பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது: ஆட்களை எடு, ஒவ்வொரு ஆளுக்கும் அவர் பதிவுகளைக் கூட்டு. மென்பொருள் கடையில் உள்ள கம்ப்யூட்டரில் ஓடுகிறது, டேட்டாபேஸ் மும்பையில் கிளவுடில் இருக்கிறது. எங்கள் இணைப்பில் ஒரு தடவை போய்வரச் சுமார் 30 மில்லிசெகண்ட். ஆட்களை எடுக்க ஒரு தடவை, ஆளுக்கு ஒரு தடவையாக 340. மொத்தம் 341 நடை, பத்து செகண்டுக்கு மேல். கணக்குப்பிள்ளை ஐயா திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என்ன கண்ணு, உங்க கம்ப்யூட்டரு டீ குடிக்கப் போயிருக்குதா?" என்றார்.

இதை 'என் பிளஸ் ஒன்' (N+1) பிரச்சினை என்பார்கள். தம்பி தினமும் ஏற்காட்டிலிருந்து பஸ்ஸில் இறங்கி வருபவன். நான் விளக்கியதும், "அக்கா, மூட்டை கட்டி ஒரே வண்டியில இறக்க வேண்டிய காப்பிக்கொட்டையை, ஒவ்வொண்ணா எடுத்துக்கிட்டு இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஏறுறோம்" என்றான். இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் பாடத்திலும் படித்ததில்லை. ஜாங்கோவில் இதற்கு மருந்து உண்டு: முன்கூட்டியே சேர்த்து எடுக்க செலக்ட் ரிலேட்டட், ப்ரீஃபெட்ச் ரிலேட்டட், போகிற குவெரிகளைக் காட்ட டீபக் டூல்பார். எத்தனை குவெரி போகிறது என்று டெஸ்டிலேயே எண்ணவும் முடியும். எனக்குக் குறை வேறு. புள்ளி வைத்து ஒரு ஃபீல்டைத் தொட்டால் அது நினைவகத்திலிருந்து வருகிறதா, மும்பைக்குப் போய் வருகிறதா என்று அந்த வரியைப் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே மாதிரி இருக்கும்.

சரி, ஒரே குவெரியில் கூட்டிவிடலாம் என்று, ஒவ்வொரு ஆளோடும் கூட்டுத்தொகையை ஒட்டித் தரும் அனோட்டேட் போட்டோம். கொடுத்தது ஒரு டேபிள், வந்தது ஒரு டேபிள். இரண்டுக்கும் ஒவ்வொரு சம், கழித்தால் பாக்கி. பட்டியல் கண்மூடித் திறப்பதற்குள் வந்தது. மறுநாள் கணக்குப்பிள்ளை ஐயா பேரேட்டோடு மாடி ஏறி வந்தார். ஒரு பட்டறைக்காரருக்கு ஐந்நூறு ஐந்நூறாக மூன்று தடவை கொடுத்திருக்கிறார்கள், 1,500 கிராம். அவரிடமிருந்து அறுநூறு அறுநூறாக இரண்டு தடவை வந்திருக்கிறது, 1,200. பாக்கி 300 என்று குழந்தைகூடச் சொல்லும். எங்கள் திரையில் மைனஸ் 600. அதாவது வியாபாரி அவருக்கு அறுநூறு கிராம் வெள்ளி தர வேண்டுமாம்!

நடந்தது இதுதான். இரண்டு டேபிளையும் ஒன்றாக ஜாயின் செய்ததால் (வரிகளை இணைத்ததால்) மூன்று வரியும் இரண்டு வரியும் பெருகி ஆறு வரியானது. கொடுத்தது ஒவ்வொன்றும் இரண்டு தடவை எண்ணப்பட்டு 3,000, வந்தது ஒவ்வொன்றும் மூன்று தடவை எண்ணப்பட்டு 3,600. ஜாங்கோவின் ஆவணத்திலேயே, பல கூட்டல்களை ஒன்றாக அனோட்டேட் செய்தால் விடை தப்பாக வரும் என்ற எச்சரிக்கை இருக்கிறது. நாங்கள்தான் படிக்கவில்லை. எஸ்க்யூஎல்லில் கவனமில்லாமல் எழுதினாலும் இதே தப்பு வரும், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே ஜாயின் என்ற சொல்லை என் கையால் இரண்டு தடவை தட்டியிருப்பேன். தட்டும்போதே உறுத்தியிருக்கும். இங்கே எனக்கு ஜாயினே கண்ணில் படவில்லை.

இன்னொன்றும் நடந்தது, சுருக்கமாகச் சொல்கிறேன். ஆளின் டேபிளிலேயே பாக்கியையும் ஒரு ஃபீல்டாக வைத்திருந்தேன், என் புத்திக்கு. ஒரு கம்ப்யூட்டரில் ஒருவர் போன் நம்பரை மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில் இன்னொன்றில் வரவு வைத்தார்கள். ஜாங்கோவின் சேவ் எதுவும் சொல்லாவிட்டால் எல்லா ஃபீல்டையும் திருப்பி எழுதும். போன் நம்பரோடு சேர்ந்து பழைய பாக்கியும் போய் உட்கார்ந்துகொண்டது. 412 கிராம் வரவு காணாமல் போனது. மாறிய ஃபீல்டை மட்டும் எழுது என்று அப்டேட் ஃபீல்ட்ஸ் சொல்லியிருக்கலாம், கூட்டலை டேட்டாபேஸிலேயே செய்ய எஃப் எக்ஸ்பிரஷன் போட்டிருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேல், கூட்டி எடுக்கக்கூடிய ஒன்றைச் சேமித்தே வைத்திருக்கக் கூடாது. அன்றிலிருந்து பாக்கி என்ற ஃபீல்டே கிடையாது.

இதற்குப் பிறகுதான் ஏஐஓ-எஸ்க்யூஎல். குளோஜர் மொழியில் வந்த யெஸ்க்யூஎல்லின் யோசனையைப் பைத்தானுக்குக் கொண்டுவந்தது. அதில் கற்றுக்கொள்ள ஒரு சாயங்காலம் போதும். குவெரிகளைத் தனிக் கோப்பில் எழுத வேண்டும். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கமென்ட் வரியில் பெயர். பெயருக்குப் பின்னால் கூரைக் குறி (^) போட்டால் ஒரே ஒரு வரி திரும்பும், டாலர் குறி போட்டால் ஒரே ஒரு மதிப்பு, ஆச்சரியக்குறி போட்டால் எழுதும் அல்லது அழிக்கும் வேலை. பைத்தான் பக்கத்தில் அந்தப் பெயரிலேயே ஒரு ஃபங்ஷன் கிடைக்கும். கூப்பிட்டால் ஒரு தடவை போய்வரும். கூப்பிடாவிட்டால் போகாது. ஒளிவுமறைவே இல்லை. மதிப்புகள் தனியாகப் போவதால், உள்ளீட்டில் யாராவது எஸ்க்யூஎல்லைச் செருகிவிடும் இன்ஜெக்‌ஷன் பயமும் இல்லை. டேட்டாபேஸோடு பேசும் வேலையை சைக்காப்ஜி 3 என்ற பைத்தான் இணைப்பு லைப்ரரி பார்த்துக்கொள்கிறது.

முதலில் எழுதியது பேரேடு. ஒவ்வொரு வரிக்கும் எதிரே அதுவரைக்குமான பாக்கி ஓடிக்கொண்டே வர வேண்டும். போஸ்ட்கிரஸில் 2009-ல் வந்த 8.4 பதிப்பிலிருந்து விண்டோ ஃபங்ஷன் (வரிகளைக் குறைக்காமல் ஒவ்வொரு வரிக்கும் எதிரே கூட்டிக் காட்டுவது) இருக்கிறது. சம், ஓவர், பார்ட்டிஷன் பை ஆள், ஆர்டர் பை தேதி. இரண்டு வரி வேலை. ஜாங்கோவிலும் 2.0 பதிப்பிலிருந்து விண்டோ உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியாக எழுதி முடித்த பிறகு, ஆறு மாதம் கழித்து நானே படித்தால் புரியாது.

குவெரியை அச்செடுத்துக் கணக்குப்பிள்ளை ஐயாவிடம் விளையாட்டாகத்தான் காட்டினேன். சொற்களுக்கு மட்டும் தமிழில் அர்த்தம் சொன்னேன். கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு படித்தார். "ஆளுக்கு ஒரு பக்கம். தேதி வரிசை. கீழே போகப் போகக் கூட்டிக்கிட்டே வரணும். இதைத்தானே நான் நாப்பது வருசமாப் பண்றேன்?" என்றார். அத்தோடு விட்டாரா? திரையையும் பேரேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரு பட்டறைக்காரருக்கு நேற்றைய பாக்கி 1,000. இன்று காலையில் 250 கொடுத்தது, ஆக 1,250. சாயங்காலம் 400 வரவு, ஆக 850. பேரேட்டில் அப்படித்தான். எங்கள் திரையில் இரண்டு வரிக்கும் எதிரே 850. "காலையிலேயே சாயங்காலம் வந்துருச்சா கண்ணு?"

போஸ்ட்கிரஸ் சொன்னபடிதான் செய்திருக்கிறது. ஆர்டர் பை மட்டும் கொடுத்துவிட்டு எதுவரை கூட்ட வேண்டும் என்று சொல்லாவிட்டால், ஒரே தேதி உள்ள எல்லா வரிகளையும் சேர்த்தே கூட்டிவிடும். தேதிக்குப் பின்னால் பதிவு எண்ணையும் சேர்த்தேன், சரியாகிவிட்டது. ஓஆர்எம்மில் எழுதியிருந்தாலும் இதே பிழை வந்திருக்கும். பிழையைக் கண்டுபிடித்ததும் திரையைப் பார்த்துத்தான். ஆனால் திருத்தும்போது அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த ஆர்டர் பை வரியில் விரலை வைத்து, "இங்கே தேதிக்கு அடுத்து வரிசை நம்பர் போடு" என்றார். பைத்தான் கோடைக் காட்டியிருந்தால் எந்த இடத்தில் விரல் வைத்திருப்பார்?

1974-ல் ஐபிஎம்மில் சேம்பர்லினும் பாய்ஸும் எஸ்க்யூஎல் என்ற இந்த மொழியை எழுதி வெளியிட்டபோது, புரோகிராமருக்கும், எப்போதாவது டேட்டாபேஸைத் தொடும் சாதாரண ஆளுக்கும் சேர்த்துத்தான் என்று சொல்லியிருந்தார்கள். அப்போது பெயர் சீக்வெல். அந்தப் பெயர் வேறு கம்பெனியின் வணிகப் பெயர் என்பதால் எஸ்க்யூஎல் ஆனது. நம் பசங்க இன்னமும் சீக்வல் என்று சொல்வது அந்த மிச்சம்தான்.

அவர் படிக்கிறார் என்று தெரிந்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது. ரிப்போர்ட்டில் வரும் ஃபீல்டுகளுக்குத் தமிழிலேயே பெயர் வைத்தேன். போஸ்ட்கிரஸ் மேற்கோள் குறிகூடக் கேட்காமல் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் ஒரு பொறி இருக்கிறது. பெயரின் நீளம் 63 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. தமிழில் எழுத்து, புள்ளி, கால், கொம்பு ஒவ்வொன்றும் மூன்று மூன்று பைட். சுத்தவெள்ளி_கூட்டுத்தொகை என்று வைத்தால் 70 பைட். போஸ்ட்கிரஸ் ஒரு நோட்டீஸை மட்டும் விட்டுவிட்டு, மிச்சத்தை வெட்டி சுத்தவெள்ளி_கூட்டுத்த என்று திருப்பிக் கொடுத்தது. பைத்தான் அந்தப் பெயரில் ஃபீல்டே இல்லை என்று விழுந்தது. ஒரு மணி நேரம் போனது. இப்போது சுத்தவெள்ளி என்று மட்டும்.

ஏஐஓ-எஸ்க்யூஎல்லில் குறை இல்லையா என்றால், நிறைய. தேடல் திரையை அதில் எழுதிப் பாருங்கள், தெரியும். பெயர், ஊர், தேதியிலிருந்து, தேதி வரை, டச், சரக்கு என்று ஆறு கட்டம். எதை வேண்டுமானாலும் நிரப்பலாம், விடலாம். கோப்பில் உறைந்து கிடக்கும் குவெரியில் நிபந்தனையைச் சேர்க்கவும் எடுக்கவும் வழியில்லை. கட்டம் காலியாக இருந்தால் விட்டுவிடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு 'அல்லது' (OR) போட்டு எழுதினேன். சைக்காப்ஜி 3 உடனே, இந்த மதிப்பின் வகை என்னவென்று தெரியவில்லை என்று போஸ்ட்கிரஸின் பிழையைக் கொண்டுவந்து போட்டது. மதிப்புகளை அது சர்வருக்கே தனியாக அனுப்புவதால், வெறுமனே காலியா (NULL) என்று கேட்டால் சர்வருக்கு வகை தெரியாது. ஒவ்வொன்றையும் காஸ்ட் செய்ய (வகையைச் சொல்ல) வேண்டும். செய்து முடித்தால் குவெரி பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. தம்பி அதை ஜாங்கோவில் இருபது நிமிடத்தில் முடித்தான்: கட்டம் நிரம்பியிருந்தால் ஒரு ஃபில்டர், இல்லாவிட்டால் இல்லை. கடைசியில் கேட்கும்போதுதான் டேட்டாபேஸுக்குப் போகும். பாக்கிப் பட்டியலில் எனக்கு எரிச்சலூட்டிய அதே சோம்பேறித்தனம் இங்கே வரமாகிவிட்டது.

இரண்டாவது குறை இதைவிட மோசம். மாடலில் ஒரு ஃபீல்டின் பெயரை மாற்றினால் ஜாங்கோ தன் வீட்டை ஒழுங்கு செய்துகொள்ளும். கோப்பில் உள்ள எஸ்க்யூஎல்லுக்கு அது தெரியாது. யாராவது அந்த ரிப்போர்ட்டைத் திறக்கும் நாளில்தான் வெடிக்கும். அதனால் எங்களிடம் உள்ள 31 குவெரியையும் காலி டேட்டாபேஸில் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கும் டெஸ்ட் ஒன்று எழுதி வைத்தோம். அது இல்லாமல் இந்த வழிக்கு வராதீர்கள்.

இந்த விஷயத்தில் கோ மொழியின் எஸ்க்யூஎல்சி ஒரு படி மேல். மின்னணுத் தராசிலிருந்து எடையை நேராக டேட்டாபேஸில் ஏற்ற ஒரு சின்ன புரோகிராமை கோ மொழியில் எழுதினோம். டேபிள் அமைப்பையும் குவெரியையும் கொடுத்தால் எஸ்க்யூஎல்சி இரண்டையும் படித்துக் கோ கோடாகவே எழுதித் தரும். இல்லாத ஃபீல்டைக் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடும், கடை வரைக்கும் போகாது. காலியாக (NULL) இருக்கக்கூடிய ஃபீல்டுகளுக்கு அது தரும் வகைகளோடு மல்லுக்கட்டுவது மட்டும்தான் சலிப்பு.

எஸ்க்யூஎல்ஆல்கெமி என்ற இன்னொரு பைத்தான் லைப்ரரியை ஒரு ஜவ்வரிசி ஆலையின் வேலைக்கு மட்டும் தொட்டேன், 2.0 பதிப்பு. அதில் கோர், ஓஆர்எம் என்று இரண்டு அடுக்கு. கோரில் எஸ்க்யூஎல்லைத் துண்டுதுண்டாகப் பைத்தானிலேயே கோக்கலாம், தேடல் திரைப் பிரச்சினையே வராது. ஓஆர்எம் அடுக்கிலும், சொல்லாமல் டேட்டாபேஸுக்குப் போனால் கத்து என்று கட்டளை போட ரெய்ஸ்லோடு இருக்கிறது. ஜாங்கோ இல்லாமல் புதிதாகத் தொடங்கினால் அதைத்தான் எடுப்பேன். ஆனால் அட்மின் திரை கிடைக்காதே! மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்த வேலை ஒரு வாரம் இழுக்கும்.

எல்லாமே இலவசம் என்பதால் விலையை வைத்துத் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை. செலவு ஆட்களில்தான். கல்லூரி முடித்து வரும் பிள்ளைகளுக்கு ஜாங்கோ தெரிகிறது, ஜாயின் தெரிவதில்லை. தம்பியை இரண்டு வாரம் போஸ்ட்கிரஸின் பிஎஸ்க்யூஎல் கறுப்புத் திரையில் மட்டும் உட்காரவைத்தேன். முதல் நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். பத்தாம் நாள், குவெரி எப்படி ஓடுகிறது என்று காட்டும் எக்ஸ்பிளைன் அனலைஸ் ஓட்டி, எந்த இன்டெக்ஸ் இல்லை என்று அவனே சொன்னான். இப்போது அவன் எழுதும் ஓஆர்எம் கோடும் சுத்தமாக இருக்கிறது.

எங்கள் கடையில் தற்போதைய ஏற்பாடு இது. பதிவது, திருத்துவது, தேடுவது எல்லாம் ஜாங்கோ ஓஆர்எம். கூட்டுவது, கழிப்பது, பேரேடு, பாக்கி, சேதாரம் எல்லாம் எஸ்க்யூஎல் கோப்பு. மூன்று மாதமாகக் கை படாத கணக்குகளின் பட்டியல் வேண்டுமென்று போன வாரம் கணக்குப்பிள்ளை ஐயா கேட்டார். கேட்டார் என்பதைவிட, நாற்காலியை இழுத்துப் போட்டுச் சொல்லச் சொல்லத் தம்பி தட்டினான் என்பது சரி. ஓட்டியதும் 27 பெயர் வந்தது. அவர் பையிலிருந்து பென்சிலை எடுத்துக்கொண்டு பேரேட்டைத் திறந்தார்.